துளையை அடைத்தார்கள், கட்டியை ஏன் விட்டார்கள்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இரைப்பைப் புற்றுநோயோடு திடீரென மோசமாகி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் குடும்பத்தார் எழுதிய கேள்விகள் இம்முறை. சத்திரசிகிச்சை, உணர்விழப்பு (மயக்க மருந்து), தாதிமை ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்து பதில் தந்திருக்கிறார்கள். கேள்வி கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் தருகிறோம்.

எங்கப்பாவுக்கு 61 வயது. நாலு மாசமா சாப்பாடு இறங்கல, மெலிஞ்சிட்டார். கேஸ்டிரைட்டிஸ்னு மாத்திரை போட்டுக்கிட்டிருந்தார். ஒரு நாள் விடியக்காலம் வயிறு குத்துதுன்னு சுருண்டு விழுந்தார். அன்னைக்கு ராத்திரியே ஒப்பரேஷன். இரைப்பையில ஓட்டை, அத அடைச்சிட்டோம், சதைத் துண்டு எடுத்து அனுப்பியிருக்கோம்னாங்க. இப்ப ரிப்போட்ல கேன்சர்னு வந்திருக்கு. வயிற்றைத் திறந்தவங்க கட்டியையும் சேர்த்து எடுத்திருக்கலாமே? திரும்பவும் ஒரு தடவை திறக்கணுமா? – லிந்துலை

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்கள்தான் அதிகம். கோபம் நியாயமானதே. ஆனால் அன்று இரவு நடந்தது பெரும்பாலும் சரியான வேலை.

இரைப்பையில் துளை விழுந்தால் அமிலமும் சாப்பாடும் கிருமியும் வயிற்றறை முழுவதும் பரவும். சில மணித்தியாலத்தில் வயிற்றின் உள்ளுறை முழுவதும் வெந்த புண்போலாகிவிடும். இரத்தத்திலுள்ள நீர் அங்கே கசிந்து தேங்குவதால் இரத்த அழுத்தம் விழும், சிறுநீர் குறையும், இரத்தத்தில் அமிலம் ஏறும். அந்த நிலையில் மேசைக்கு வருகிறவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி, விடியும்வரை உயிரோடு இருப்பாரா என்பதுதான். புற்றுநோய்க்கான முறையான சத்திரசிகிச்சை என்றால் இரைப்பையின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ, அதைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து எடுக்க வேண்டும். பிறகு மிஞ்சிய இரைப்பையையோ, முழுவதும் எடுத்திருந்தால் உணவுக்குழாயையோ, சிறுகுடலோடு இணைக்க வேண்டும். பல மணித்தியால வேலை. அந்த இணைப்பு ஆற நல்ல இரத்த ஓட்டம் வேண்டும். இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க நோரட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு, சீழில் ஊறி வீங்கிய குடலில் போட்ட தையல் நாலைந்து நாளில் விட்டுப்போகும் ஆபத்து அதிகம். விட்டால் முதலில் இருந்ததைவிட மோசமான துளை அது.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த இரவில் அது புற்றுநோயா, சாதாரண அல்சரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் தடித்த விளிம்போடு கடினமாகத்தான் கைக்குத் தட்டுப்படும். கணுக்கள் கிருமியாலும் வீங்கியிருக்கும். முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் டைக்லோபினாக் வாங்கிப் போட்டுக்கொண்டே கொழுந்தெடுக்கிறவர்களுக்கு வரும் துளைகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. சந்தேகத்தின்பேரில் இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டு, ரிப்போட்டில் வெறும் அல்சர் என்று வந்தால் என்ன செய்வது?

ஆகவே செய்வது இதுதான். மேல்வயிற்றில் நடுவாகக் கீறித் திறந்து, தேங்கியதை உறிஞ்சி, வெதுவெதுப்பான சேலைனால் பல லீட்டர் கழுவுவார்கள். துளையின் விளிம்பில் பல இடங்களிலிருந்து துணுக்கு எடுப்பார்கள். ஒரே இடத்தில் எடுத்தால் செத்துப்போன சதை மட்டும் வந்து ரிப்போட் தவறிவிடும். பிறகு ஓமென்டம் என்கிற, குடலுக்கு மேல் ஏப்ரன் போலத் தொங்கும் கொழுப்புத் திரையின் ஒரு துண்டை இழுத்துத் துளையின்மேல் வைத்து, மூன்று நாலு தையலால் கட்டுவார்கள். முடிச்சு இறுகக்கூடாது. இறுகினால் ஓமென்டத்துக்கு இரத்தம் போகாமல் செத்து, அடைப்பு கழன்றுவிடும். புற்றுநோய்ச் சதையில் இதுவே பெரும்பாடு. நனைந்த பாணில் நூல் போட்டாற்போல ஊசி போன வழியே அறுத்துக்கொண்டு வரும். துளை பெரிதாகி, தையல் எங்கும் பிடிக்காவிட்டால், அல்லது இரத்தமும் கொட்டினால், அப்போது மட்டும் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள். நோயாளி தாங்கக்கூடிய நிலையில் இருந்து, கட்டி இரைப்பையின் கீழ்ப்பாதியில் இருந்து, அனுபவமுள்ள கையும் இருந்தால் முதல் தடவையிலேயே எடுப்பதும் உண்டு. அது விதிவிலக்கு.

இனி உங்கள் அப்பாவுக்கு: ரிப்போட் வந்துவிட்டதால் நெஞ்சு, வயிறு, இடுப்புக்கு சி.ரி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஈரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்கச் சிலருக்குக் கமெரா வைத்து வயிற்றுக்குள் பார்ப்பதும் தேவை. பரவாவிட்டால், உடம்பு தேறிய பின், பெரும்பாலும் கீமோவுக்குப் பிறகு, திட்டமிட்டு இரைப்பையை அகற்றுவார்கள். ஆம், திரும்பவும் திறக்கத்தான் வேண்டும். துளை விழுந்தது என்பதற்காக மட்டும் குணமாக வழியில்லை என்று சொல்லிவிட முடியாது. பரவியிருந்தால் கதை வேறு. மாற்ற முடியாத அளவுக்குப் பரவியவர்களில் கீமோவுக்கு முன் இரைப்பையை எடுத்தால் ஆயுள் கூடுமா என்று ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கூடவில்லை. அப்படியானால் கட்டியை விட்டுவைப்பதே சிகிச்சை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரை புற்றுநோய்ப் புண்ணின் எரிவையும் குறைக்கும். வலி குறைந்ததால் நோய் இல்லையென்று ஆகாது. மெலிவு, விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, காரணம் தெரியாத இரத்தச்சோகை என்று எதுவிருந்தாலும் மாத்திரையை நீட்டிக்கொண்டு போகாமல் எண்டோஸ்கொப்பி, அதாவது வாய்வழியே கமெராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, கேளுங்கள்.

வயிறு வலிச்ச அன்னைக்கு மத்தியானம் வலி குறைஞ்சிருச்சுன்னு சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுட்டார். மறுநாள் கொண்டுபோனப்ப கைமீறிப் போச்சு. குறைஞ்ச வலி எப்படித் திரும்பி வந்துச்சு? – மஸ்கெலியா

துளை விழுந்த சில மணித்தியாலத்தில் வயிற்று உறை தன் நீரைச் சுரந்து அமிலத்தை நீர்க்கச் செய்கிறது. அதனால் முதல் குத்தல் தணியும். ஆள் கொஞ்சம் பேசுவார், பிளேன்டீ கேட்பார். அடியில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வலியை விட்டுவிட்டு வயிற்றைப் பாருங்கள். தொட்டால் பலகைபோல இறுகியிருக்கிறதா? முழங்காலை மடக்கி, அசையாமல், இருமக்கூடப் பயந்து படுத்திருக்கிறாரா? அப்படியானால் வலி எப்படியிருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு) கீழே பிறைபோலக் காற்று தெரிந்தால் துளை உறுதி. தெரியாவிட்டால் துளை இல்லையென்று முடிவுகட்ட முடியாது. அப்போது சி.ரி. தேவைப்படும்.

அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்கு மாத்தினதும் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோவாங்கன்னு பார்த்தோம். ரெண்டு மணித்தியாலம் சேலைன்தான் ஏத்திக்கிட்டிருந்தாங்க. அந்த நேரம் வீணாப் போனது இல்லையா? – இராகலை

வீணில்லை. உள்ளே நீர் வற்றி, அழுத்தம் விழுந்த நிலையில் உணர்விழப்பு மருந்து கொடுத்தால், மருந்து உள்ளே போன அந்த நிமிடத்திலேயே இதயம் நின்றுபோகலாம். அந்த மருந்துகள் இரத்தக் குழாய்களைத் தளரவைப்பவை. அதனால் முதலில் தொட்டியை நிரப்ப வேண்டும்.

உங்கள் அம்மா 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிருமி இரத்தத்தில் ஏறி அழுத்தம் விழுந்தவருக்கு முதல் 3 மணித்தியாலத்தில் கிலோவுக்கு 30 மில்லிலீட்டர், அதாவது சுமார் 1,350 மில்லிலீட்டர் சேலைன் வகைத் திரவம் போக வேண்டும். அதற்கு இரண்டு கையிலும் பருத்த கெனுலா. அன்டிபயோட்டிக் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள். மூக்குவழி இரைப்பைக்கு ஒரு குழாய், உள்ளே இருப்பதை வெளியே எடுக்க. அது இல்லாமல் மயக்கினால் இரைப்பையிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். துளையைத் தைத்த பின்னும் நிமோனியாவால் இறப்பவர்கள் உண்டு. சிறுநீர்க் குழாயும் பையும் வைப்பது அளவு பார்க்கத்தான். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலீட்டர், 45 கிலோவுக்கு மணிக்கு 22, 23 மில்லிலீட்டராவது வர வேண்டும். திரவம் போயும் சராசரி இரத்த அழுத்தம் (மேல், கீழ் அழுத்தங்களிலிருந்து கணக்கிடுவது) 65க்கு ஏறாவிட்டால் நோரட்ரினலின் தொடங்குவார்கள். இதற்கிடையில் இரத்தம் பொருத்திப் பார்ப்பது, பொட்டாசியம், உறுப்புகளுக்கு இரத்தம் போதுமானதா என்று காட்டும் லாக்டேட் ஆகியவற்றைச் சோதிப்பது எல்லாம் நடக்கும்.

அதேசமயம், எண்கள் எல்லாம் அழகாக வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. துளையை மூடாதவரை கிருமி ஊறிக்கொண்டுதான் இருக்கும். அல்சர் துளைவிழுந்த நோயாளிகளைப் பற்றி டென்மார்க்கில் 2013இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சேர்த்தபின் தாமதமாகும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 வீதம் குறைந்தது. ஆகவே இரண்டு மணித்தியாலத்தில் குற்றமில்லை. ஆறு, எட்டு என்று போனால், "எதுக்காகக் காத்திருக்கோம், டொக்டர்?" என்று கேட்பது உங்கள் உரிமை. ஐ.சி.யூ. கட்டில் இல்லையா, இரத்தம் வரவில்லையா, தியேட்டரில் வேறு கேஸா என்று காரணம் ஒன்று இருக்கும்.

இரத்தம் பற்றிப் பயந்துகொண்டு லயத்திலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுபோக வேண்டாம். இந்த நாட்டில் இரத்த வங்கி தன்னார்வக் கொடையில்தான் நடக்கிறது. உறவினர் இரத்தம் கொடுத்தால்தான் நோயாளிக்கு இரத்தம் என்ற கணக்கு இல்லை.

மாமியார் கறுப்பா மலம் போறாங்க. இரும்புச்சத்து மாத்திரையாலன்னு டிஸ்பென்சரியில சொன்னாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது? – புசல்லாவ

இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகும், ஆனால் உருவோடு, கரும்பச்சை சாயலோடு போகும். இரத்தத்தால் கறுத்த மலம் வீதிக்கு ஊற்றும் தார்போலப் பளபளத்து, ஒட்டிக்கொண்டு, நீர் ஊற்றினாலும் லேசில் போகாது. அழுகிய வாடை தனியாகத் தெரியும். கூடவே எழுந்தால் தலைசுற்றல், படபடப்பு, குளிர்ந்த வியர்வை இருந்தால் யோசிக்க நேரமில்லை.

எண்டோஸ்கொப்பி 24 மணித்தியாலத்துக்குள். அதற்கு முன் நீர்ச்சத்தும் இரத்தமும் ஏற்றி நிலைப்படுத்துவார்கள். ஹீமோகுளோபின் 7க்குக் கீழ் போனால் இரத்தம் ஏற்றுவது வழக்கம். இதய நோயுள்ளவருக்கு 8. அதற்கு மேலும் ஏற்றச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். தேவைக்கு மேல் ஏற்றினால் இரத்தக் கசிவு கூடலாம்.

அல்சரில் இரத்தம் ஒரு குழாயின் வாயிலிருந்து வரும், கிளிப் போட்டால் நின்றுவிடும். புற்றுநோயில் கட்டியின் முகம் முழுவதுமே ஊறிக்கொண்டிருக்கும், கிளிப்பைப் பிடிக்க உறுதியான சதை இருக்காது. ஊசி, வாயுக் கதிரால் சுடுவது, இரத்தம் நிறுத்தும் தூள் தெளிப்பது எல்லாம் பலருக்குத் தற்காலிகமாக நிறுத்தும், சில நாளில் திரும்ப வரும். அந்த அவகாசத்தில் அடுத்ததைச் செய்ய வேண்டும். கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை உள்வழியே அடைப்பது ஒன்று. இன்னொன்று கதிர்வீச்சு. சிலருக்கு ஒரே தடவை, சிலருக்கு ஐந்து, பத்து தடவை. பலன் தெரியச் சில நாளாகும் என்பதால் கொட்டோகொட்டென்று கொட்டுகிறவருக்கு அது உதவாது. அவருக்கு மட்டும்தான் சத்திரசிகிச்சை கடைசிக் கதவாகத் திறக்கும். டிரனெக்சாமிக் என்ற இரத்தம் நிறுத்தும் மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். 2020இல் வந்த, 12,000 பேரில் செய்த ஆய்வில் குடல்வழி இரத்தப்போக்கில் அது உயிரைக் காக்கவில்லை. காலில் இரத்தம் உறைவது கூடியதுதான் மிச்சம்.

இரும்பு மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: அதைச் சாயத் தண்ணியோடு விழுங்கினால் பாதியும் உடம்பில் சேராது. நம் ஊரில் இதைச் சொல்வதுதான் கஷ்டம். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

அண்ணனுக்கு இரைப்பையின் அடிப்பக்கம் கட்டி அடைச்சிருக்கு. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. வார்ட்டில சேர்த்து அஞ்சு நாளாச்சு, இன்னும் ஒப்பரேஷன் செய்யல. பலத்துக்குக் குளுக்கோஸ் ஏத்துங்கன்னாலும் கேக்கமாட்டேங்கிறாங்க. – தலவாக்கலை

குளுக்கோஸ் ஏற்றாததற்கு அவர்களுக்கு நன்றி சொல்லுங்கள்.

இந்த அடைப்பில் வரும் வாந்தியைக் கவனித்திருப்பீர்கள். நேற்று மத்தியானம் தின்ற சோறும் பருப்பும் இன்று காலையில் அப்படியே வரும். புளித்த வாடை இருக்கும், மஞ்சள் பித்தம் இருக்காது. வயிற்றைப் பிடித்து அசைத்தால் பாதி நிரம்பிய குடம்போல உள்ளே சளக்கென்று கேட்கும். வாந்தியோடு போவது அமிலமும் குளோரைட்டும். அதை ஈடுகட்டச் சிறுநீரகம் பொட்டாசியத்தைக் கொட்டும். இரத்தம் காரத்தன்மையாகும், பொட்டாசியம் விழும். இந்த நிலையில் மயக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், முடிந்தபின் மூச்சு சரியாகத் திரும்பாது. ஆகவே துளைபோல இது மணித்தியாலக் கணக்கு அவசரமல்ல. மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை இதைச் சரிசெய்வதுதான் முதல் சிகிச்சை, சத்திரசிகிச்சை அதன் பிறகே. சாதாரண சேலைன், சிறுநீர் வரத் தொடங்கியபின் லீட்டருக்கு 20 முதல் 40 மில்லிமோல் பொட்டாசியம், மெதுவாக. பொட்டாசியத்தை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். பருத்த மூக்குக் குழாய் வைத்து, தேங்கிய பழஞ்சோற்றைக் கழுவி எடுக்க வேண்டும். அப்போதுதான் உப்பிப்போன இரைப்பைச் சுவர் சுருங்கித் தையல் தாங்கும்.

குளுக்கோஸ் விஷயம்: வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் தயமின் என்கிற பி1 தீர்ந்துபோயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருந்ததும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம், கண் ஆடும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். கூடவே பொஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஒரேயடியாக உயிரணுக்களுக்குள் போய் இரத்தத்தில் விழுந்துவிடும். பட்டினி கிடந்தவர் சாப்பாடு தொடங்கிய மூன்றாம் நாள் திடீரென இறப்பது இதனால்தான். முதலில் தயமின். பிறகு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, இரத்தம் சோதித்துச் சோதித்து, ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டும். வெளியிலிருந்து ஜீவனி, இளநீர், சத்துமா என்று தெரியாமல் ஊட்டிவிடாதீர்கள்.

அடுத்து இரண்டு வழி. பரவாத கட்டியானால் முறையாக அகற்றுவது. பரவிவிட்டால், எண்டோஸ்கொப்பி வழியே உலோக வலைக் குழாய் வைப்பது, அல்லது அடைப்பைச் சுற்றிச் சிறுகுடலை இரைப்பையோடு இணைத்துவிடுவது. வலைக் குழாய் வைத்தவர் ஓரிரு நாளில் குடிக்கத் தொடங்குவார். ஆனால் மாதங்கள் போகக் கட்டி வலைக்குள் வளரும், அல்லது குழாய் நழுவும். இணைப்பு சத்திரசிகிச்சையில் சாப்பிடத் தொடங்க நாளாகும், ஆனால் நீடிக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் வாழ்வார் என்றால் இணைப்பு, அதற்குக் குறைவென்றால் வலை என்பது பொதுவான கணக்கு. வலை வைத்தவருக்கு முருங்கைக்காய், நார்க் கீரை, பெரிய இறைச்சித் துண்டு வேண்டாம்.

வியன்னாவில் தியோடர் பில்ரோத் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1881 ஜனவரி 29இல் இரைப்பைப் புற்றுநோயை வெட்டி எடுத்துப் பிழைக்கவைத்த முதல் நோயாளிக்கும் இதே அடைப்புத்தான். அந்தப் பெண் சத்திரசிகிச்சையைத் தாண்டி, நாலு மாதமளவில் நோய் திரும்பி இறந்தார்.

அப்பப்பாவுக்கு 79. கேன்சர் ஈரலுக்குப் பரவியாச்சு. இப்ப துளையும் விழுந்திருச்சு. ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. போட்டாலும் பயம், போடாட்டியும் பாவம். – ஹாலிஎல

அப்பப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் கையெழுத்து அவருடையது. நோயின் பெயரையே அவரிடம் மறைத்து வைத்திருக்கும் வீடுகளில் இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாதவரிடம் சம்மதம் வாங்க முடியாது.

டொக்டரிடம் கேட்க வேண்டியவை: செய்தால் வீட்டுக்குத் திரும்பி வருவாரா, வந்தால் எழுந்து நடப்பாரா? செயற்கைச் சுவாசம் எத்தனை நாள் தேவைப்படலாம்? இடையில் மோசமானால் எதுவரை போவீர்கள்? செய்யாவிட்டால் எப்படி வைத்துக்கொள்வீர்கள்? கடைசிக் கேள்விக்கும் முழுப் பதில் உண்டு. மோர்பின் ஊசி, மூக்குக் குழாய், குமட்டலுக்கு மருந்து, வாயை நனைத்துக் கொடுப்பது, பக்கத்தில் ஆள். இதுவும் சிகிச்சைதான், கைவிட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எங்கள் அபிப்பிராயம், கட்டிலோடு கட்டிலாகிவிட்ட, எங்கும் பரவிய ஒருவருக்கு இந்த வழியே நல்லது. நேற்றுவரை தோட்டத்தில் நடமாடிய ஒருவருக்கு அப்படிச் சொல்ல மாட்டோம். படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் புரியாமல் போடாதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழ் தெரிந்த தாதியையோ டொக்டரையோ கூப்பிட்டு வாசித்துச் சொல்லக் கேளுங்கள்.

தோட்டத்திலிருந்து கொண்டுபோகும்போது என்ன செய்யணும்? – பண்டாரவளை

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். மலைப்பாதையில் லயம்வரை வர முடியாதென்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்று சொல்லுங்கள். தண்ணீர் உட்பட வாய்வழி எதுவும் வேண்டாம். வாந்தி எடுப்பவரை இடது பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள். கம்பளியால் மூடுங்கள், உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறையாது. கிளினிக் கொப்பி, எண்டோஸ்கொப்பி ரிப்போட், போடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்பரின் இருந்தால் கேட்கும்முன்பே சொல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும்.

அக்காவுக்கு வயிற்றில சிறுகுடலுக்கு ஒரு சின்னக் குழாய் வச்சு அனுப்பியிருக்காங்க. அதுவழியாத்தான் சாப்பாடு. ராத்திரியில கொடுத்தா வயிறு முறுக்குதுங்கிறா. – நுவரெலியா

சிறுகுடலுக்கு இரைப்பைபோலச் சேர்த்து வைக்கும் பை இல்லை. ஒரேயடியாக ஊற்றினால் முறுக்கும், வயிற்றால் போகும். சொட்டுச் சொட்டாக, வைத்தியசாலையில் சொன்ன வேகத்தில்தான் விட வேண்டும். உங்கள் ஊர்க் குளிரில் இன்னொரு காரணமும் இருக்கலாம்: இரவில் அறைச் சூடு என்பதே குளிர்தான். தொங்கவிடுவதற்கு முன் உணவுப் போத்தலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள், சூடாக்கக் கூடாது. கரைத்த உணவை நாலு மணித்தியாலத்துக்கு மேல் தொங்கவிடாதீர்கள்.

இரைப்பையின் அமிலத்தைத் தாண்டிப் போவதால் கொதித்தாறிய தண்ணீர் மட்டுமே. உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லிலீட்டர் விட்டுக் கழுவ வேண்டும். அரைத்த சோறு, கஞ்சி இந்த மெல்லிய குழாயில் அடைக்கும். அடைத்தால் 50 மில்லிலீட்டர் ஊசிக்குழலில் வெந்நீர் எடுத்து மெதுவாகத் தள்ளி இழுத்துப் பாருங்கள். சின்ன ஊசிக்குழல் வேண்டாம், அதன் அழுத்தம் அதிகம், குழாய் வெடிக்கும். குழாய் கழன்று வந்துவிட்டால் திரும்பச் செருகாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் எடுத்துக்கொண்டு அன்றே போங்கள். சில மணித்தியாலத்தில் அந்த வழி தூர்ந்துவிடும், பிறகு புதிதாகத்தான் வைக்க வேண்டிவரும்.